சும்மா கலைதானா?

சென்ற மாதம் அக்குறணைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகளுக்குச் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. ஆனால் படிக்கும் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. தினமும் கண்டிக்கு பஸ்ஸில் அனுப்ப உம்மாவுக்கு மனமில்லை. "எனத்த சேர் செய்ற, சும்மா கலைதான் கெடச்சீக்கி" என்றார். அந்தச் 'சும்மா' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கலை என்ற சொல்லைக் 'கல்' என்ற வேரிலிருந்து கொள்வோர் உண்டு. கற்கப்படுவது கலை, கல்வியும் அதே வேர்தான். வடமொழியில் 'கலா' என்பது ஒரு சிறு கூறு, குறிப்பாகச் சந்திரனின் பதினாறில் ஒரு பங்கு. பிறை பார்க்கும் நமக்கு இந்தப் பொருள் தூரமானதல்ல. எனக்கு முதலாவது பிடிக்கும், ஆனால் பிடிப்பது மட்டும் சான்றாகாது. எப்படியாயினும், பழைய அறுபத்து நான்கு கலைப் பட்டியலில் பாட்டும் கூத்தும் மட்டுமல்ல, தச்சு, கட்டடம், உலோகம், மர வைத்தியம், இரத்தினப் பரீட்சை எல்லாம் இருந்தன. நம்மவர் மாணிக்க வியாபாரமும் கலைதான்!

'கலைச்சொல்' என்கிறோம்; அதில் பெரும்பகுதி பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உரியது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அங்கே வைத்தியமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள் நுழைவது 'பல் கலை'க் கழகத்துக்குள். பெயர்ப்பலகையில் இன்னும் அந்தப் பழைய பரந்த பொருள் நிற்கிறது. நாங்கள்தான் அதை ஒரு பிரிவுக்குள் சுருக்கிவிட்டோம்.

விஞ்ஞானம் என்ற சொல்லும் இடம் மாறியதுதான். நமக்கு அது ஆய்வுகூடம். பக்கத்து விகாரையில் பணச் சொற்பொழிவு கேட்டால் 'விஞ்ஞாணய' என்பது மனிதனின் உணர்வு. சிங்களப் பிள்ளை பாடசாலையில் படிப்பது 'வித்யாவ'. தமிழ்நாட்டார் அறிவியல் என்கிறார்கள். அவர்களின் 'வேதியியல்' காணொளியைப் பார்த்துவிட்டு, "சேர், இது வேதமா?" என்று கேட்ட மாணவனும் உண்டு. இல்லை மகன். வேதித்தல் என்றால் மாற்றுதல், ஒன்றை இன்னொன்றாக்குதல். நமது 'இரசாயனம்' முதலில் முதுமையைத் தள்ளிப்போடும் ஆயுர்வேத மருந்து முறைக்குப் பெயர். பிறகுதான் பொருள்களின் மாற்றத்தைப் படிக்கும் துறைக்கு வந்தது.

அரபியிலும் இதே கதைதான். இல்ம் என்பது அறிவு. ஃபன் என்பது வகை, கிளை, பிறகு கலை. ஹந்தஸா (கேத்திரகணிதம்) பாரசீகத்தின் 'அந்தாஸா', அதாவது அளவு. நஹ்வு என்றால் திசை, வழி. மிக அழகானது ஜப்ர். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கு அந்தப் பெயர். முறிவு வைத்தியரை அரபியில் முஜப்பிர் என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி தமது கணித நூலுக்கு அச்சொல்லைச் சூட்டினார்: சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழித்திருப்பதை மறுபக்கத்தில் சேர்த்து முழுமையாக்குவது ஜப்ர். ஐரோப்பியர் அதை 'அல்ஜீப்ரா' ஆக்கினர், நாம் அட்சரகணிதம் என்கிறோம். அந்நூலின் ஒரு பெரும்பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள். பராயிளுக்காகப் போட்ட கணக்கு விஞ்ஞானமா, மார்க்கமா, கலையா? அவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திராது.

இவ்வளவையும் அந்தத் தகப்பனாரிடம் சொல்லவில்லை. அவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். விஞ்ஞானப் பிரிவு இல்லாத குறையைச் சொல்லாராய்ச்சி தீர்க்கப்போவதுமில்லை. மகள் எடுத்திருக்கும் பாடங்களை மட்டும் கேட்டேன். தமிழ், அரபு, மூன்றாவது அளவையியலும் விஞ்ஞானமுறையும்.

"கலைப் பிரிவில விஞ்ஞானமா சேர்?" என்று அவரே திரும்பிக் கேட்டார்.