பொறி எழும் காலம்

மொறிஸ் மைனர் ஆக்கப்பெற்றது 1948 முதல் 1971 வரை. அதனைப் பேணுவோர் முதலிற் பொயின்ற் இடைவெளியைக் கவனித்தல் வேண்டும். பொயின்ற் முழுதும் திறந்த நிலையில் அது அங்குலத்தில் ஆயிரத்திற் பதினைந்து பங்கு. இது மாறின் பொறியெழும் காலமும் மாறும். பலர் இதனை மறந்து டிஸ்ரிபியூற்றரோடு மல்லாடுவர்!

பெற்றோல் எரியச் சிறிது நேரஞ் செல்லுமாதலின், பிஸ்ரன் உச்சியை அடையுமுன்னரே பொறி எழவேண்டும். மிக முந்தினால் எஞ்சின் இடிக்கும், பிஸ்ரனும் பழுதாகும். பிந்தினால் சூடேறும், பெற்றோலும் வீணாகும்.

கைந்நூல் கூறும் பாகை, அக்காலப் பெற்றோலுக்கும் புது எஞ்சினுக்கும் உரியது. இன்று நாம் ஊற்றுவதோ 92 அல்லது 95 ஒக்ரேன். ஆதலின் செவியே நடுவர். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஏறிப்பார்க்க மலையில்லை. நாலாங் கியரில் மெல்லச் சென்று, சட்டென மிதித்துக் கேளுங்கள். இடியோசை நீடித்தால், லூக்காஸ் டிஸ்ரிபியூற்றரின் சிறு திருகை 'ஆர்' என்ற குறிப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருப்புக. மெல்லெனத் தோன்றி உடனே மறையுமாயின், அங்கேயே விட்டுவிடுக.