மூத்தவரை எண்ணி இளையவருக்கு எண்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் செல்லும் பனியன் சரக்குடன் ‘பேக்கிங் லிஸ்ட்’ என்னும் பட்டியல் ஒன்றும் செல்லும். எந்த நிறம் எத்தனை பெட்டி, எந்த எண் முதல் எந்த எண் வரை என்பதை அது கூறும். என் அக்கா பேக்கிங் பிரிவில் பணிபுரிகிறார். அவர் ஈட்டும் கூலியில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டப்படிப்பு நடக்கிறது.

ஒருநாள் அவர் நள்ளிரவில் வீடு திரும்பினார். சிவப்பு 12, நீலம் 8, வெள்ளை 15 பெட்டிகள் என்றிருந்தது, கடைசி நேரத்தில் சிவப்பு 14 ஆகிவிட்டதாம். நீலமும் வெள்ளையும் எண் மாற, ஒட்டிய சீட்டுகளையெல்லாம் கிழித்து மீண்டும் எழுதினார்களாம். “நீ படிக்கிற கம்ப்யூட்டர் இதுக்கு என்னடா செய்யும்?” என்றார். அதற்கு விடையே இக்கட்டுரை.

பட்டியலை எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதலாம். இது 1998இல் தரமாக்கப்பட்டது. ஒவ்வொரு நிறமும் ஓர் உறுப்பு. பெட்டிகளின் எண்ணிக்கை அதன் பண்பு. இப்படி எழுதியதை வேறு வடிவாக மாற்றித் தருவது 1999இல் வந்த எக்ஸ்.எஸ்.எல்.டி.; அதன் முதல் பதிப்பைத் தொகுத்தவர் ஜேம்ஸ் கிளார்க்.

நாம் கையால் எழுதும்போது தொகையை மனத்தில் கூட்டிக்கொண்டே போவோம். எக்ஸ்.எஸ்.எல்.டி.யின் மாறியைக் கொண்டு அது நடவாது. அங்கே ‘மாறி’ என்பது பெயரளவில்தான் மாறி. ஒருமுறை பெற்ற மதிப்பை அது மாற்றிக்கொள்ளாது! ஆகவே ஒவ்வொரு உறுப்பும் தனக்கு முன் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்கலாம். அப்பார்வைக்கு ‘பிரிசீடிங் சிப்ளிங்’ என்று பெயர். தமிழில் சொன்னால், அண்ணன் அக்காமார். விதி இதுதான்:

முதல் எண் = மூத்த உறுப்புகளின் பெட்டித் தொகை + 1

சிவப்புக்கு மூத்தவர் இல்லை, தொடக்கம் 1. நீலத்திற்கு 14 + 1 = 15. வெள்ளைக்கு 14 + 8 + 1 = 23; அது 37இல் முடியும். சிவப்பை மட்டும் திருத்தி மறுபடி இயக்கினால் போதும், மற்றவை தாமே திருந்தும்.

ஓர் எச்சரிக்கை: ‘பிரிசீடிங்’ என்று மட்டும் எழுதினால், அதே கோப்பில் முன்னுள்ள வேறு ஆர்டரின் பெட்டிகளும் தொகையில் சேர்ந்துவிடும். உடன்பிறந்தாரை மட்டுமே எண்ண வேண்டும்.

நண்பர்களே, சீட்டு அச்சிடுமுன் இக்கணக்கை ஓட்டினால் ஓர் அக்கா நேரத்தோடு வீடு திரும்புவார். மூத்தவர் சேர்த்ததன்மேல்தான் இளையவரின் எண் தொடங்குகிறது. என் எண்ணும் அப்படித்தான்.