பாலும் பரம்பரையும்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஒடுங்கி நீண்டு கிடக்கும் சிலி தேசத்தில், கொக்கிம்போ என்பது மழை குறைந்த பிரதேசம். பெய்யும் சொற்ப மழையும் மே முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலத்திற்குள் பெய்து ஓய்ந்துவிடும். ஆற்றோரப் பாசன நிலங்கள் நீங்கலாக, மேட்டுப் பாங்கில் வாழும் குடிகள் ஊர்ப் பொது மேய்ச்சலில் வெள்ளாடு வளர்த்து, அதன் பாலைக் கொண்டு பாலாடைக்கட்டி செய்து விற்று ஜீவிக்கின்றனர். கோடையில் மந்தைகளை ஆண்டிஸ் மலைக்கு ஓட்டிச் செல்வதும் உண்டு. இவர்கள் பூர்வகுடிகளும் ஸ்பானியரும் கலந்த சந்ததியார். இவர்களிடையே நடந்த ஓர் ஆராய்ச்சி, கறவை வைத்திருப்போரும், பிறருக்குப் பால் வழங்கும் பொறுப்புடைய கிராம உத்தியோகஸ்தரும் அறியத்தக்கதாகும்.

பாலுக்கு இனிப்பைத் தருவது லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை. பசும்பாலில் இது நூற்றுக்கு ஏறக்குறைய 4.7 பங்கு உள்ளது. வெள்ளாட்டுப் பாலில் இது இல்லையென்று சிலர் கூறுவர். அது பிசகு, அதிலும் 4 பங்குக்கு மேல் உண்டு. இச்சர்க்கரையைச் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி இரண்டாகப் பிளந்தாலன்றி உடல் அதனை ஏற்காது. தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு இந்நொதி வேண்டிய மட்டும் சுரக்கும். பால் மறந்தபின், மற்றப் பிராணிகளைப் போலவே, மனிதரிலும் பெரும்பாலோர்க்கு அது படிப்படியாகக் குன்றிவிடும். அப்போது செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, வயிற்றுப் பொருமலும் இரைச்சலும் சிலவேளை பேதியும் உண்டாக்கும். உலகத்து வயது வந்தோரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வகையினரே. எஞ்சியவர்க்கு ஆயுள் முழுவதும் நொதி சுரக்கிறது. ஐரோப்பியரிடத்தில் இதற்குக் காரணமான சிறு மரபணு மாறுபாட்டை 2002-ஆம் ஆண்டில் பின்லாந்து விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டனர். தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து அது கிடைத்தாலும் போதும். தினமும் பால் குடித்துப் பழகுவதால் உபத்திரவம் சற்றுத் தணியலாமே தவிர, குன்றிப்போன நொதி மீண்டும் சுரப்பதில்லை.

ஸ்பானியர் வருமுன் அமெரிக்கக் கண்டத்தில் பால் கறக்கும் வழக்கம் இல்லை. ஆண்டிஸ் குடிகள் லாமாவைப் பொதிக்கும் அல்பாகாவை மயிருக்கும் வளர்த்தனரேயன்றி, அவற்றைக் கறந்து பருகினாரல்லர். 1493-ஆம் ஆண்டில் கொலம்பஸின் இரண்டாம் யாத்திரையில் மாடும் ஆடும் அக்கண்டத்தின் தீவுகளில் வந்திறங்கின. கொக்கிம்போவில் ஸ்பானியர் லா செரினா நகரை 1544-இல் நிறுவினர். கறவையும், அதன் பாலைச் செரிக்கும் பரம்பரைத் தன்மையும் ஒரே கப்பலில் வந்தன எனலாம்.

மேற்சொன்ன ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. அதில் 451 பேர் பரிசோதிக்கப்பட்டனர். பாலைச் செரிப்பிக்கும் மாறுபாடாக அவர்களிடம் காணப்பட்டது ஐரோப்பிய வழியில் வந்த அது ஒன்றே. கலப்புச் சந்ததியாரின் மரபணுத் தொகுதியில் எந்த இடத்தை நோக்கினும் ஐரோப்பியப் பங்கு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கவேண்டும். ஆனால் இம்மாறுபாட்டைச் சூழ்ந்த இடத்தில் மட்டும் அப்பங்கு மிகுந்திருந்தது. மேய்ச்சல் தொழில் இல்லாத மற்ற லத்தீன் அமெரிக்க ஜனங்களிடம் இம்மிகுதி காணப்படவில்லை. பொலிகிடாவைத் தெரிந்து வைத்து மந்தையைச் சீர்திருத்தும் குடியானவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்: பாலைச் செரிக்க வல்லோர்க்கு அவ்வறண்ட நாட்டில் ஏதோ ஓர் அனுகூலம் இருந்திருக்கிறது. அத்தன்மையுள்ள ஆண்களுக்கு உயரத்திற்கேற்ற உடலெடை கூடுதலாக இருந்தது. எனினும் அவர்களுக்குப் பிள்ளைப்பேறு அதிகம் என்பது ருசுவாகவில்லை.

பழைய ஐரோப்பிய மட்பாண்டங்களில் படிந்த பாற்கொழுப்பை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டவர்கள் வேறொரு காரணம் கூறுகின்றனர். இம்மாறுபாடு பெருகுவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே அங்கு ஜனங்கள் பாலை உபயோகித்து வந்தனர். நல்ல காலத்தில் பொருமலோடு போகும் உபாதை, பஞ்சத்திலும் நோயிலும் இளைத்த உடலுக்குப் பேதியாகி உயிரையே வாங்கியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நிவாரண வேலையில் ஈடுபடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவிலும் பெரும்பாலும் இதே மாறுபாடுதான் உள்ளதென 2,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2012-இல் வெளியான அறிக்கை காட்டுகிறது. வடமேற்கில் அது மிகுதி. தெற்கிலும் கிழக்கிலும் வரவரக் குறைவு. எருமை வளர்க்கும் நீலகிரித் தோதவர் இதற்கு விலக்கு. அவரிடம் அது நிறைய உண்டு. ஆகவே, பால் குடித்தால் வயிறு ஒப்பவில்லை என்பவரைச் சாக்குச் சொல்வதாகக் கருதுவது முறையன்று.

நொதி குன்றியவருக்கும் பால் முற்றிலும் விலக்கன்று. ஒரு வேளைக்கு 12 கிராம் பால்சர்க்கரை, அதாவது சுமார் 240 மில்லி லிட்டர் பால், பெரும்பாலோர்க்குத் தொல்லை தருவதில்லை. ஆகாரத்தோடு பருகின் இன்னும் நலம். தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பகுதியைப் புளிக்கச் செய்வதோடு, குடலிலும் அதைச் செரிக்க உதவுகின்றன. பாலாடைக்கட்டி செய்கையில் சர்க்கரையின் பெரும்பகுதி தெளிநீரோடு வடிந்துபோம். நாட்பட்ட கட்டியில் அது இல்லையென்றே சொல்லலாம். பால்தூளோ அவ்வாறன்று. அதில் நீங்கியது நீரே. கொழுப்பு நீக்கிய தூளின் எடையில் ஏறக்குறையப் பாதி பால்சர்க்கரையாகும். ஆதலால் பால்தூள் வழங்குவோர், போஷாக்கு மிகும் என்றெண்ணி அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தலாகாது.