அன்று ஆதரித்தவர்கள் எங்கே போனார்கள்?

அமெரிக்காவும் பிரிட்டனும் இராக் மீது படையெடுத்தது சரியென்று 2003-ல் நினைத்தீர்களா? 2015-ல் பிரிட்டன் மக்களிடம் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இப்படிக் கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் 37 சதவீதம்தான். ஆனால் போர் நடந்த ஆண்டில் அதே நிறுவனம் எடுத்த கணிப்புகளில் சராசரியாக 54 சதவீதம் பேர் படையெடுப்பை ஆதரித்திருந்தார்கள். பலருக்குத் தாம் சொன்னதே மறந்துவிட்டது. அல்லது, மறப்பது வசதியாக இருந்தது. நினைவில் மிஞ்சிய குற்றவாளி ஒருவர்தான்: அன்றைய பிரதமர் டோனி பிளேர்.

அவர் மீது பரிதாபப்பட வேண்டியதில்லை. எதிர்ப்பு அவர் காதில் விழாமல் இல்லை. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் திரண்ட கூட்டம், போலீஸ் கணக்குப்படியே ஏழரை லட்சம். ஏற்பாட்டாளர்கள் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள். மார்ச் 17 அன்று மூத்த அமைச்சர் ராபின் குக் பதவியைத் தூக்கி எறிந்தார். மறுநாள் நாடாளுமன்றத்தில் சொந்தக் கட்சியிலேயே 139 உறுப்பினர்கள் எதிர்த்து நின்றார்கள். ஆனாலும் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி கைகொடுக்க, போர்த் தீர்மானம் 412-க்கு 149 என்று நிறைவேறியது.

படை இறங்கியதும் காற்று திசை மாறியது. நம் பிள்ளைகள் களத்தில் நிற்கும்போது எதிர்த்துப் பேசுவதா என்ற தயக்கம் எந்த நாட்டிலும் உண்டு. ஏப்ரல் 9 அன்று பாக்தாதில் இராக் அதிபர் சதாம் உசேனின் சிலை சாய்ந்ததை டி.வி.யில் பார்த்தபோது பிளேர் சொன்னதுதான் சரி என்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

அப்புறம்தான் வினை. 45 நிமிடத்தில் சதாம் ஏவிவிடலாம் என்று பிரிட்டன் அரசின் ஆவணம் மிரட்டிய பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2005 தேர்தலில் பிளேரின் தொழிற்கட்சியின் பெரும்பான்மை 167-லிருந்து 66-க்குச் சரிந்தது. பிளேரின் சொந்தத் தொகுதியான செட்ஜ்ஃபீல்டில், இராக்கில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை அவரை எதிர்த்து நின்றார். பத்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார். முடிவு அறிவித்த மேடையில் அவர் மைக் முன் பேசப் பேச, பின்னால் பிரதமர் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆனால் ஆட்சி போகவில்லை. மூன்றாவது முறையும் பிளேரே பிரதமர். கோபம் இருந்தது, மாற்றிவிடும் அளவுக்கு இல்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

2016-ல் இராக் போர் பற்றிய சில்காட் விசாரணை அறிக்கை வந்தது. ஏழு ஆண்டு உழைப்பு, 26 லட்சம் சொற்கள். அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனார்கள் என்றது தீர்ப்பு. என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று 2002 ஜூலையிலேயே பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் வெளிவந்தது. அதற்குள் 179 பிரிட்டிஷ் வீரர்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கியர்களும் மாண்டிருந்தார்கள்.

2021 டிசம்பர் 31 அன்று பிளேருக்கு 'சர்' பட்டம் அறிவித்ததும், அதைப் பறிக்கக் கோரிப் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் குவிந்தன. அப்போது நாட்டின் பிரதமர் போரிஸ் ஜான்சன். 2003-ல் அவரும் எம்.பி.; போருக்கு ஆதரவாகவே வாக்களித்தவர். அவருக்கு முன் அதே நாற்காலியில் அமர்ந்த கோர்டன் பிரவுன், டேவிட் கேமரன், தெரசா மே மூவரும் அப்படியே. பிளேரிடம் கேட்ட அளவுக்கு இவர்களிடம் இராக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.