கேள்விக்கு ஒரு தாளம் (தொடர் - 9)

போன வாரம் எழுத்தொலிகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ஆங்கில வினாச்சொற்கள்: வாட், வேர், ஹூ, வென், ஒய், ஹவ்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை இந்த ஆறையும் பொருளோடு ஒப்பித்துவிடும். கேள்வி கேட்கச் சொன்னால் மட்டும் "யூ வேர் கோயிங்?" என்று வரும். "நீ எங்கே போறே?" என்ற வரிசையில்தானே அது பேசிப் பழகியிருக்கிறது! தமிழில் வினாச்சொல் வினைக்கு முன்னால் நின்றால் போதும். ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலைக்கே வர வேண்டும். அதோடு 'ஆர்', 'டூ' என்று ஒரு துணைச்சொல் வேறு நடுவில் நுழையும்.

இதை இலக்கணமாக விளக்கினால் ஏழெட்டு வயதில் ஏறாது. பாட்டில் ஏறும். "வாட் டூ யூ ஸீ? எ ஜாக்ஃப்ரூட் ட்ரீ!" என்று கைதட்டிப் பாடட்டும். 'டூ' விடுபட்டால் தட்டு ஒன்று குறைகிறது. திருத்த ஆசிரியர் வேண்டாம், பாடுகிற குழந்தைக்கே இடறும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பலா மரத்தை விளக்கவும் வேண்டியதில்லை.

பாட்டால் கற்பிப்பது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பழக்கமானதுதான். 1922-ல் ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா, சின்ன வரி, தெரிந்த பொருள், காதில் நிற்கும் இயைபு என்றே குழந்தைகளுக்கு எழுதினார். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அதற்கும் பாட்டு இருந்தது.

வினாச்சொல் பாட்டு என்றதும் பலரும் தேடி எடுப்பது, 1902-ல் வந்த கிப்ளிங்கின் 'ஜஸ்ட் ஸோ ஸ்டோரிஸ்' கதை நூலில் யானைக்குட்டிக் கதையின் முடிவில் உள்ள பாட்டை. அருமையான பாட்டுதான். ஆனால் அது ஆறு சொற்களையும் ஆட்களைப் போலப் பெயர் சொல்லி அழைக்கிறது. அவற்றை வைத்துக் கேள்வி கேட்டுக் காட்டவில்லை. தொடக்க வகுப்புக்கு அது உதவாது என்பதே என் கருத்து. கதையை மட்டும் தமிழில் சொல்லுங்கள். கேள்வி கேட்டதற்காகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் அடி வாங்கும் அந்தக் குட்டியை நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

நமக்கு வேண்டியது கேள்வியும் பதிலுமாகப் போகும் பாட்டு. வகுப்பை இரண்டு அணியாக்குங்கள். ஓர் அணி கேட்க, மற்றது சொல்லட்டும்:

வேர் இஸ் த கோட்? இன் த போட்!
ஹூ இஸ் இன் த பஸ்? ஆல் ஆஃப் அஸ்!
வாட் இஸ் இன் த பாட்? ரைஸ், வெரி ஹாட்!

கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளுக்குப் படகு வீட்டுப் பொருள். படகில் ஆடு ஏறினால் சிரிப்பார்கள், சிரித்தது மறக்காது. முதலில் இந்த மூன்று சொற்களே போதும். கையால் சுட்டிக்காட்டிப் பதில் சொல்லலாம். 'வென்' கேட்க நேரம் தெரிய வேண்டும். 'ஒய்' கேட்டால் 'பிகாஸ்' போட்டு ஒரு முழு வாக்கியமே சொல்ல வேண்டும். அவை அடுத்த பருவத்துக்கு இருக்கட்டும்.

கூட்டமாகப் பாடுவதைக் கேட்டு எல்லோரும் கற்றுவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பின்வரிசைப் பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வாரம் மூன்று வரியையும் பாடி முடித்ததும், நான்காவது கேள்வியை ஒவ்வொரு குழந்தையும் தனியாக உங்களைப் பார்த்துக் கேட்கட்டும். இயைபு வராவிட்டாலும் பரவாயில்லை. பதில் சொல்லுங்கள்.