வலி நின்ற பிறகு

எங்கள் பள்ளிக்கூடத்துச் சடுகுடுக் கோஷ்டியில் பாடிச் செல்வதில் வல்லவனான ஒரு பையன் சென்ற ஆண்டு முழங்காலை முறித்துக் கொண்டான். 'முறித்துக் கொண்டான்' என்பது ஊரார் சொன்ன சொல். உண்மையில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஊன்றிய கால் மண்ணில் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் சுழன்றுவிட்டது. 'டப்' என்று சப்தம் கேட்டதாம். உள்ளேயிருந்த நார் ஒன்று அறுந்து போயிற்று.

ரண சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆனதும் அவன் தகப்பனார் என்னிடம் வந்தார். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர்.

"ஸார், பையன் மாடிப்படி ஏறுகிறான், சைக்கிள் விடுகிறான். வலியே இல்லை என்கிறான். அடுத்த மாதம் ஜில்லாப் பந்தயம். அனுப்பலாமா?" என்று கேட்டார்.

அந்தப் பந்தயத்தில் பெயர் வந்தால் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் காலேஜில் சேரலாம் என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான். டாக்டர் கூடாதென்று சொல்லிவிட்டார். அதனால்தான் உபாத்தியாயரிடம் வந்திருக்கிறார்!

முழங்காலில் முக்கியமான நார்கள் நான்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்பவை இரண்டு. குறுக்கு நார்களுள் முன்புறத்து நார்தான் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் திருகிக் கொள்ளாமலும் காக்கிறது. நேரே நடப்பவனுக்கு அதன் அருமை தெரியாது. ஓட்டத்தினிடையே சட்டென்று திரும்புகிறவனுக்கு அதுவே உயிர். அறுந்தால் தானாகக் கூடுவது அரிது. மூட்டுக்குள் எப்போதும் நீர் இருப்பதால், அறுந்த முனைகளுக்கிடையே இரத்தம் உறைந்து நிற்பதில்லை. ஆகவே டாக்டர்கள் தொடையின் பின்புறத்திலிருந்தோ, முழங்காற் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரில் ஒரு பகுதியை எடுத்து, எலும்புகள் இரண்டிலும் துளையிட்டு, அதில் செலுத்தி இறுக்குகிறார்கள்.

இனித்தான் வேடிக்கை. அவ்வாறு வைத்த நார், வைத்த அன்றிருந்த பலத்தையும் பிறகு இழந்துவிடுகிறது. புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் பரவி, உடம்பு அதைத் தன்னுடையதாக்கிக் கொள்ள வேண்டும். இரண்டு, மூன்றாம் மாதங்களில் அது மிகவும் நொய்ந்திருக்கும். முற்றி உரம் பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வீக்கமும் வலியுமோ வெகு முன்பே விடை பெற்றுக் கொள்கின்றன. நார் நொய்ந்திருக்கும் காலமும், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று பையன் மார்தட்டும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. நார்வே, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரையில் ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும், மறுபடி காயமுறும் அபாயத்தை ஏறக்குறையப் பாதியாக்குகிறது.

தகப்பனாருக்கு இந்தக் கணக்கு ருசிக்கவில்லை. ஆகையால் வினேஷ் போகட்டின் கதையைச் சொன்னேன்.

ஹரியானாவில் பலாலி கிராமத்துப் பெண். 2016 ஆகஸ்டு 17-ந் தேதி, ரியோ ஒலிம்பிக்கில் சீனத்துச் சுன் யானானோடு கால் இறுதிக் குஸ்தியில் பொருதுகையில் வலது முழங்கால் திருகிக் கொண்டது. கண்ணீரும் கம்பலையுமாக ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். அதே தினம் தோழி சாக்ஷி மாலிக் வெண்கலப் பதக்கம் பெற்றார்! பன்னிரண்டு நாள் கழித்து, ராஷ்டிரபதி பவனத்தில் அர்ஜுனா விருதைப் பெற வினேஷ் சக்கர நாற்காலியில் வந்தார். நாடு கைதட்டியது. கைதட்டல் ஒரு நாள். அதன் பிறகு காலை மடக்கவும் நீட்டவும் பழகும் வேலையைப் பார்க்க யார் வருகிறார்கள்?

2017 மே மாதம் டில்லியில் நடந்த ஆசியக் குஸ்திப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கணக்குப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்பது மாதம். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் குஸ்தியிலேயே எதிரே நின்றவர் அதே சுன் யானான். 8-2 என்று வினேஷ் வென்றார். அன்று தங்கமும் அவருக்கே. ஆசிய விளையாட்டுக் குஸ்தியில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

"அப்புறம் கால் சரியாகவே இருந்ததா, ஸார்?"

அந்தக் கேள்விக்கு ஒளித்துப் பதில் சொல்ல மனம் வரவில்லை. 2023-ல் பயிற்சியின்போது இடது முழங்கால் போயிற்று. பம்பாயில் ரண சிகிச்சைக்குக் குறித்த தேதி, ரியோவில் விழுந்த அதே ஆகஸ்டு 17. ஓராண்டு நிறையுமுன், 2024 ஆகஸ்டு 6-ந் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் முந்திய ஒலிம்பிக்கின் தங்கம் பெற்ற ஜப்பானியப் பெண் யூய் சுசாகியை வீழ்த்தினார். அன்றே மேலும் இரண்டு குஸ்திகளில் வென்றார். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடியதென்று விலக்கிவிட்டார்கள். அது முழங்காலின் குற்றமன்று.

தகப்பனார் சிறிது நேரம் பேசவில்லை. நான் பையனை அழைத்துப் பெஞ்சியில் உட்கார வைத்து, "இரண்டு தொடையையும் நீங்களே அளந்து பாருங்கள்" என்றேன். மூட்டைத் தாங்குவது நார் மட்டுமல்ல, தொடைத் தசையுந்தான். ரண சிகிச்சைக்குப் பின் அது வற்றிப் போகிறது. மீண்டும் வளர்க்க வேண்டியிருக்கிறது.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தார். நல்ல கால் 19 அங்குலம், மற்றது 17½. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பையன் தலையைக் குனிந்து கொண்டான்.

ஜில்லாப் பந்தயத்துக்கு வேறொரு பையன் போனான். மாதம் ஒரு தடவை தகப்பனார் அளந்து, சட்டை அளவுகள் எழுதும் நோட்டிலேயே குறித்து வருகிறார். சென்ற வாரம் காட்டினார்: 18½.