ஒத்திகை வீண் வேலையா?

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில், வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. கரையோர மக்கள் கடலை விட்டு உள்ளே செல்வதற்குரிய வழிகளுள் இவ்வீதியும் ஒன்று. வழி என்றும் இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிலும் இருந்தது. உரிய வேளையில் அதில் நடக்கத்தான் நாம் அறிந்திருக்கவில்லை.

சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நமது நாட்டில் மணி காலை ஏழு. அவ்விடத்துக்கும் கல்முனைக் கரைக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரம். அதைக் கடந்து பேரலை வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. குழந்தையை இடுப்பில் ஏந்தி, முதியவரைக் கைப்பிடித்து நடந்தே தப்புவதற்கு அந்த அவகாசம் போதுமல்லவா? ஆனால், எச்சரிப்பார் ஒருவருமில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன.

அதே நாளில், அதிர்ச்சி தோன்றிய இடத்துக்கு மிக அண்மையிலுள்ள சிமலூ தீவில் நேர்ந்ததைப் பாருங்கள். அங்கே 1907ஆம் ஆண்டிலும் கடல் பொங்கிப் பலரைக் கொன்றது. 'நிலம் அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு' என்று முதியோர் பேரப்பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 2004இல் அத்தீவின் மக்கள் ஏறத்தாழ எல்லோரும் மேட்டுக்கு ஏறி உயிர் பிழைத்தனர். பழகிய அறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நமக்கு அத்தகைய பழங்கதை இல்லை. ஆதலால் ஒத்திகையே நமக்குக் கதை. அதைத் தொடங்குவதற்கு ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் இப்பகுதியில் வேறில்லை. கடலுக்கு அண்மையில் அமைந்த அவ்வளாகத்துக்கு நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். மலைநாட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலின் குறிப்பு எவ்வாறு விளங்கும்?

ஒத்திகை எளியது. மணி ஒலித்ததும் விரிவுரை மண்டபத்தில் இருப்போர் குனிந்து மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக்காலை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். நடுக்கம் நின்றபின் மின்தூக்கியை நாடாது படிகளில் இறங்கித் திறந்தவெளியில் கூட வேண்டும். அங்கே ஆட்கணக்கு எடுக்கப்படும். பின்னர், குறித்த பாதையில் கடலை விட்டு உள்ளே செல்ல வேண்டும். தொலைவில் எழும் அதிர்ச்சியை நமது கால்கள் உணராமலே போகலாம். ஆகையால் அபாய அறிவிப்புக் கேட்டவுடன் நடக்கவும் பழக வேண்டும்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராக் கடலில் மீண்டும் பூமி அதிர்ந்தது. இம்முறை எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு அகன்றனர், பேரலையோ வரவில்லை. அதை வீண் அலைச்சல் என்று சிலர் எண்ணலாம். உயிரோடு வீடு திரும்பும் அலைச்சல் ஒருபோதும் வீணாகாது.

விடுமுறைக்கு வீடு வரும் மாணவ மணிகளே! உணவு வேளையில் வாப்பாவிடமும் உம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று அறிவிப்பு வந்தால் எந்தப் பாதையில் போவோம்? உம்மம்மாவைக் கைப்பிடிப்பவர் யார்?" விடை உடனே வராவிட்டால், ஒத்திகையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.